நீங்கள் எந்த நீலம்? டியூக் – கரோலினா பங்காளிப் பகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட கரோலினா மாநிலத்தில் ராலி, டர்ஹாம், கேரி வட்டாரத்துக்கு வேலைக்கு வரும் தமிழர்களிடம் முதல் மாதத்திலேயே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நீங்கள் எந்த நீலம்?" பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், பல் பிடுங்க வந்த மருத்துவராகவும் இருக்கலாம். என்னிடம் கேட்டபோது சட்டையின் நிறத்தைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். கேட்டது கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றி: டியூக் பக்கமா, கரோலினா பக்கமா என்று. அதன் பிறகு பல குளிர்காலங்கள் போய்விட்டன. புதிதாக வந்தவர்களும், ஊரிலிருந்து வந்து தங்கும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நடுநிலை எதிர்பார்க்காதீர்கள். நான் வெளிர்நீலம்.

அது என்ன இரண்டு நீலம்?

கரும் நீலம் டியூக் பல்கலைக்கழகம்; டர்ஹாம் நகரில் இருக்கிறது. வானத்தின் வெளிர்நீலம் வட கரோலினா பல்கலைக்கழகம். சேப்பல் ஹில் என்ற சிற்றூரில் இருக்கிறது. உள்ளூரில் அதை வெறும் 'கரோலினா' என்பார்கள். இரண்டின் கூடைப்பந்து அரங்குகளுக்கும் இடையே சுமார் 10 மைல் சாலைதான். ஆண்கள் அணிகள் முதலில் மோதியது 1920 ஜனவரியில். அப்போது டியூக்குக்கு அந்தப் பெயரே கிடையாது. டிரினிட்டி கல்லூரி என்று இருந்தது. புகையிலையிலும் மின்சாரத்திலும் பணம் குவித்த டியூக் குடும்பம் பெரும் நன்கொடை கொடுத்த பிறகு, 1924இல் பெயர் மாறியது.

பத்து மைல் தூரத்தில் இருப்பவர்களுக்குள் ஏன் இவ்வளவு பகை?

பத்து மைல் தூரத்தில் இருப்பதால்தான். நம் ஊரில் வரப்புத் தகராறு யாருக்குள் வரும்? அடுத்த மாவட்டத்துக்காரனோடு வராது. அடுத்த வயலுக்காரனோடுதான் வரும். இது அந்நியர் பகை அல்ல, பங்காளிப் பகை.

பங்காளிகளுக்குள் அந்தஸ்துக் கணக்கும் உண்டு. கரோலினா அரசுப் பல்கலைக்கழகம். 1795இல் மாணவர்களைச் சேர்த்து வகுப்பு தொடங்கியது. அமெரிக்காவில் அப்படித் திறந்த முதல் அரசுப் பல்கலைக்கழகம் அதுதான். மாணவர்களில் பெரும்பாலோர் இந்த மாநிலத்துப் பிள்ளைகள். டியூக் தனியார் நிறுவனம். கட்டணம் கண்ணைக் கட்டும், மாணவர்கள் பெரும்பாலும் வெளி மாநிலத்தவர்கள். அதனால் கரோலினா ரசிகரைக் கேட்டால் "அவர்கள் வந்தேறிப் பணக்காரப் பிள்ளைகள்" என்பார். டியூக் ரசிகரோ "அவர்களுக்குப் பொறாமை" என்பார். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒப்புக்கொள்ள வலிக்கிறது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம், இருவருமே நன்றாக ஆடுகிறார்கள். கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தேசியப் பட்டத்தைக் கரோலினா ஆண்கள் அணி ஆறு முறை வென்றிருக்கிறது: 1957, 1982, 1993, 2005, 2009, 2017. டியூக் ஐந்து முறை: 1991, 1992, 2001, 2010, 2015. வரப்பின் இரண்டு பக்கமும் நெல் விளைந்தால்தானே தகராறு சூடாக இருக்கும்!

உலகத்தரமான என்.பி.ஏ. தொழில்முறை லீக் இருக்கும்போது கல்லூரி ஆட்டத்தை ஏன் பார்க்க வேண்டும்?

திறமையை மட்டும் பார்ப்பதென்றால் என்.பி.ஏ.தான். அதில் வாதமே இல்லை. ஆனால் அங்கே ஒரு அணி 82 ஆட்டம் ஆடுகிறது. செவ்வாய் இரவு தோற்றால் வியாழன் இரவு இன்னொன்று. கல்லூரியில் சுமார் 30 ஆட்டம், பிறகு மார்ச் மாதத்தில் ஒரே தோல்வியில் வெளியேற்றும் போட்டி. இருபது வயதுப் பையன்கள் தவறு செய்கிறார்கள், அழுகிறார்கள். அரங்கில் கத்துவதோ அவர்களோடு அதே வகுப்பில் உட்காரும் மாணவர்கள். பெரிய நகரங்களில் தொழில்முறை அணிகள் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் நெடுங்காலம் கல்லூரி அணிகள் மட்டுமே இருந்தன. அவையே ஊரின் அணிகள் ஆகிவிட்டன.

டியூக் மாணவர்கள் கூடாரத்தில் படுத்துக் கிடக்கிறார்களாமே, உண்மையா?

உண்மை. டியூக்கின் கேமரன் அரங்கம் 1940இல் திறக்கப்பட்டது. கல் கட்டடம், தாழ்ந்த கூரை, 9,314 பேர்தான் கொள்ளும். மாணவர்களுக்கு டிக்கெட் இலவசம். வரிசையில் நிற்பவருக்கே இடம். கரோலினாவுடனான ஆட்டத்துக்கு அந்த வரிசை 1986 வாக்கில் கூடாரமாக மாறியது. இப்போது அது கூடார ஊர். பயிற்சியாளர் ஷஷெஃப்ஸ்கியின் பெயரைச் சேர்த்து 'ஷஷெஃப்ஸ்கிவில்' என்கிறார்கள். ஒரு கூடாரத்துக்குப் பன்னிரண்டு பேர் வரை சேர்ந்து, முறை வைத்து, ஜனவரிக் குளிரில் வாரக்கணக்கில் இரவு காவல் இருப்பார்கள். கண்காணிப்பாளர்கள் நள்ளிரவில் வந்து தலை எண்ணுவார்கள். ஆள் குறைந்தால் இடம் போய்விடும். முதல் நாள் காட்சிக்கு விடிய விடிய நின்ற அனுபவம் உள்ளவர்களுக்குக்கூட இது கொஞ்சம் அதிகம் என்றே தோன்றும்.

கரோலினாவின் அரங்கம் 1986இல் திறக்கப்பட்டது. பழைய பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் பெயர் தாங்கியது. இருபத்தோராயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். என் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன்: நல்ல இடங்கள் நன்கொடையாளர்களுக்குப் போனதால் அங்கே சத்தம் குறைவு. கேமரனின் சத்தத்துக்குப் பாதிகூட வராது. எங்கள் சத்தமெல்லாம் வெற்றிக்குப் பிறகு ஃபிராங்க்ளின் வீதியில். டியூக்கை வென்ற இரவில் ஆயிரக்கணக்கானோர் அந்தத் தெருவை நிறைத்துவிடுவார்கள். டியூக் மாணவர்கள் வென்றால் மரப் பெஞ்சுகளை அடுக்கிச் சொக்கப்பனை கொளுத்துவார்கள்.

டீன் ஸ்மித், ஷஷெஃப்ஸ்கி: இருவரில் யார் பெரியவர்?

இந்தக் கேள்வியைக் கல்யாண வீட்டில் கேட்காதீர்கள்.

எண்கள் ஷஷெஃப்ஸ்கி பக்கம். 1980 முதல் 2022 வரை டியூக்கில் இருந்தார். அதற்கு முன் ராணுவக் கல்லூரி அணி. மொத்தம் 1,202 வெற்றி, ஐந்து பட்டம், பதின்மூன்று முறை தேசியப் போட்டியின் கடைசி நான்கில் இடம். ஸ்மித் 1961 முதல் 1997 வரை கரோலினாவில் 879 வெற்றியும் இரண்டு பட்டமும் பெற்றார். ஓய்வு பெற்றபோது 879 என்பதுதான் சாதனை.

எனக்குப் பிடித்தது அவர்களின் தொடக்கக் கதை. 1965இல் அடுத்தடுத்த தோல்விகளுக்குப் பிறகு அணி பஸ்ஸில் திரும்பி வந்தபோது, வளாகத்தில் ஸ்மித்தின் கொடும்பாவி தொங்கிக்கொண்டிருந்தது. கட்டியவர்கள் சொந்த மாணவர்கள். பில்லி கன்னிங்ஹாம் என்ற வீரர் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி அதைப் பிய்த்து எறிந்தார். பதினெட்டு ஆண்டு கழித்து, 1983 கான்ஃபரன்ஸ் போட்டியில் (கல்லூரிகள் தங்களுக்குள் ஆட ஏற்படுத்திக்கொள்ளும் கூட்டமைப்புதான் கான்ஃபரன்ஸ்) டியூக் வர்ஜீனியாவிடம் 109-66 என்று மண்ணைக் கவ்வியது. அந்தப் பருவத்தில் 11 வெற்றி, 17 தோல்வி. ஷஷெஃப்ஸ்கி என்ற போலந்துப் பெயர்கொண்ட அந்த இளைஞரை அனுப்பிவிடும்படி முன்னாள் மாணவர்கள் நிர்வாகத்தை நச்சரித்தார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களும் அசையவில்லை. இன்றைய பொறுமையில் இருவருமே மூன்றாம் ஆண்டு தாண்டியிருக்க மாட்டார்கள்.

ஸ்மித்தைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்லாமல் போக முடியாது. கரோலினாவில் விளையாட்டு உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின வீரர் சார்லி ஸ்காட். அவரைக் கொண்டுவந்தவர் ஸ்மித். 2015 பிப்ரவரியில் ஸ்மித் காலமானார். சில வாரங்களில் அவருடைய பழைய வீரர்கள் சுமார் 180 பேரின் வீட்டுக்கு ஆளுக்கு 200 டாலர் காசோலை தபாலில் வந்தது. வெளியே போய் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிடும்படி உயிலில் எழுதி வைத்திருந்தார். டியூக் ரசிகர்கள்கூட இதைக் கேட்டு அமைதியாகிவிடுவார்கள்.

பாதி ஆட்டத்தில் 7-0 என்று ஒரு கதை சொல்கிறார்களே?

1979 பிப்ரவரி 24, கேமரன் அரங்கம். அப்போது கல்லூரி ஆட்டத்தில், குறித்த விநாடிகளுக்குள் பந்தை எறிய வைக்கும் வீச்சுக் கடிகாரம் இல்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நேரத்தைக் கடத்தலாம். ஸ்மித்தின் 'நான்கு மூலை' ஆட்டம் அந்தக் கலையில் பெயர் பெற்றது. அன்று முதல் பாதி முழுவதும் கரோலினா பந்தை வைத்துச் சுற்றியது. இடைவேளையில் டியூக் 7, கரோலினா 0. கரோலினா எறிந்த ஓரிரு பந்துகளும் வளையத்தைத் தொடாமலே போயின. மாணவர்கள் "ஏர் பால், ஏர் பால்" என்று ராகம் போட்டுக் கத்தினார்கள். அமெரிக்கா முழுவதும் இன்று ஒலிக்கும் அந்தக் கூச்சல் அன்றுதான் பிறந்தது என்று டியூக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். இரண்டாம் பாதியில் இருவரும் ஒழுங்காக ஆடி 40-40, முடிவு 47-40. இடைவேளைக்கு முன் எடுத்த ஏழு புள்ளிதான் வித்தியாசம்.

ஸ்மித் திருந்தவில்லை. 1982 கான்ஃபரன்ஸ் இறுதியில் வர்ஜீனியாவுக்கு எதிராக மறுபடி பந்தைப் பிடித்து வைத்து 47-45 என்று வென்றார். நாடே தொலைக்காட்சியில் கொட்டாவி விட்டது. வீச்சுக் கடிகாரம் வர அந்த ஆட்டமும் ஒரு காரணம். 1985-86இல் 45 விநாடியோடு தொடங்கி, இப்போது 30 விநாடி.

மறக்கவே முடியாத ஆட்டம் எது?

பழையவர்கள் 1974ஐச் சொல்வார்கள். கடைசி 17 விநாடியில் கரோலினா 8 புள்ளி பின்தங்கியிருந்தது. தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி தரும் கோடு இல்லாத காலம். சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 96-92 என்று வென்றது. நடுவயதுக்காரர்கள் 1995ஐச் சொல்வார்கள்: டியூக்கின் ஜெஃப் கேப்பல் ஏறத்தாழ மைதானத்தின் நடுவிலிருந்து எறிந்த பந்து உள்ளே போய், இரண்டாம் கூடுதல் நேரம் வந்தது, ஆனாலும் கரோலினா 102-100 என்று வென்றது. டியூக்காரர்கள் 2012இல் ஆஸ்டின் ரிவர்ஸ் கடைசி மணியோடு எறிந்து 85-84 என்று முடித்ததைச் சொல்வார்கள். நான் அன்று தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் 2022க்கு நிகர் எதுவும் இல்லை. அந்தப் பருவத்தோடு ஓய்வு என்று ஷஷெஃப்ஸ்கி அறிவித்துவிட்டார். மார்ச் 5, கேமரனில் அவருடைய கடைசி ஆட்டம். எதிரணி, வேறு யார்? பழைய டியூக் வீரர்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கரோலினாவுக்கு முதல் ஆண்டுப் பயிற்சியாளர் ஹியூபர்ட் டேவிஸ். கரோலினா 94-81 என்று வென்று விருந்து இலையை இழுத்துவிட்டது.

அதோடு முடிந்திருந்தாலே போதும். முடியவில்லை. இரு அணிகளும் நியூ ஆர்லியன்ஸில் தேசிய அரையிறுதிக்கு வந்து சேர்ந்தன. நூறு ஆண்டுப் பகையில் தேசியப் போட்டியில் அவை மோதியது அதுவே முதல் முறை. ஏப்ரல் 2. கரோலினாவின் கேலப் லவ் 28 புள்ளி எடுத்தார். அதில் ஆட்டம் முடியும் தறுவாயில் எறிந்த ஒரு மூன்று புள்ளி வீச்சு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. 81-77. ஷஷெஃப்ஸ்கியின் பயிற்சியாளர் வாழ்க்கை அங்கேயே முடிந்தது. இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் கரோலினா இடைவேளையில் 15 புள்ளி முன்னிலை பெற்றிருந்தும் கேன்சாஸிடம் 72-69 என்று தோற்றது. எந்தக் கரோலினா ரசிகரும் அதைப் பெரிதாக நினைவில் வைத்திருப்பதில்லை. பங்காளியை வென்றாயிற்று, போதும்.

ஒருவருடைய ஷூ கிழிந்ததாகச் சொல்வார்களே?

டியூக்கின் நட்சத்திரம் ஸயன் வில்லியம்ஸன், 2019 பிப்ரவரி 20. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த பிரம்மாண்டமான உடம்பு திரும்பியபோது நைக்கி ஷூ வெடித்து, கால் வெளியே வந்துவிட்டது, முழங்காலில் சுளுக்கு. அரங்கில் உட்கார்ந்திருந்த பராக் ஒபாமா ஷூவைச் சுட்டிக்காட்டிப் பேசியது கேமராவில் பதிவாயிற்று. கரோலினா 88-72 என்று வென்றது. ஷூவுக்கு நன்றி சொன்னவர்களில் நானும் ஒருவன், பிறகு வெட்கப்பட்டேன்.

இரு அணியிலும் மிகச் சிறந்த வீரர் யார்?

மைக்கேல் ஜோர்டான் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். 1982 இறுதியில், ஜார்ஜ்டவுனுக்கு எதிராக, முதலாண்டு மாணவராக அவர் எறிந்த வீச்சுதான் 63-62 என்று ஸ்மித்துக்கு முதல் பட்டம் வாங்கித் தந்தது. ஆனால் கல்லூரிக் கணக்கு வேறு, என்.பி.ஏ.வில் பின்னால் என்ன ஆனார் என்பது இங்கே செல்லாது. அந்தக் கணக்கில் கரோலினாவுக்கு டைலர் ஹான்ஸ்பரோ. 2005 முதல் 2009 வரை நான்கு ஆண்டும் இருந்து 2,872 புள்ளி குவித்தார். 2007இல் டியூக்கின் ஜெரால்ட் ஹென்டர்ஸன் முழங்கை பட்டு மூக்கிலிருந்து ரத்தம் கொட்ட அவர் நின்ற படம் இன்றும் பல கடைச் சுவர்களில் தொங்குகிறது.

டியூக்குக்கு கிறிஸ்டியன் லெய்ட்னர். 1992இல் கென்டக்கிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் 2.1 விநாடி மிச்சம். கிராண்ட் ஹில் மைதானத்தின் மறு கோடியிலிருந்து எறிந்த பந்தைப் பிடித்து, ஒரு முறை தட்டி, திரும்பி எறிந்தார்: 104-103. அன்று அவர் களத்திலிருந்து எறிந்த பத்தும் உள்ளே, ஃபவுலுக்காகக் கிடைக்கும் தனி வீச்சான ஃப்ரீ த்ரோ பத்தும் உள்ளே. அதே ஆட்டத்தில் கீழே விழுந்து கிடந்த எதிரணி வீரரின் மார்பில் காலை வைத்து மிதித்ததும் அவர்தான். எதிரிகூட மறக்க முடியாத வீரர் என்றால் இவரைத்தான் சொல்ல வேண்டும். ஜே.ஜே. ரெடிக்கும் கிரேசன் ஆலனும் அந்த வரிசையில் வருவார்கள்.

அண்மைக்காலத்தில் டியூக்குக்கு கூப்பர் ஃபிளாக். மெய்ன் மாநிலத்துப் பையன். 2024-25இல் முதலாண்டிலேயே நாட்டின் சிறந்த வீரர் விருது. நோட்ர டாம் அணிக்கு எதிராக 42 புள்ளி. 2025 என்.பி.ஏ. தேர்வில் முதல் இடத்தில் டல்லாஸ் அவரை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு கரோலினாவை டியூக் மூன்று முறை வென்றது. மூன்றாவது ஆட்டத்தில் ஃபிளாக் காயத்தால் இல்லை. 24 புள்ளி பின்தங்கியிருந்த கரோலினா துரத்தி வந்து கடைசி விநாடிகளில் ஒரு ஃப்ரீ த்ரோவால் சமன் செய்தது. ஆனால் சக வீரர் ஒருவர் கோட்டுக்குள் முன்னதாகக் கால் வைத்துவிட்டதால் அந்தப் புள்ளி செல்லாமல் போனது. 74-71. அதே டியூக் தேசிய அரையிறுதியில், கடைசி நிமிடத்தில் ஆறு புள்ளி முன்னிலையை விட்டுவிட்டு ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்றது. எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

வீரர்கள் ஒரே ஆண்டில் போய்விடுகிறார்களே, பகை எப்படி நிலைக்கிறது?

இதுதான் நல்ல கேள்வி. 2006 முதல் என்.பி.ஏ.வில் சேர அமெரிக்க வீரர்களுக்குப் பத்தொன்பது வயதும், பள்ளி முடித்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். அந்த ஓராண்டைக் கழிக்கப் பலர் கல்லூரிக்கு வருகிறார்கள். 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அதே ஆண்டில், ஆடாமல் ஓராண்டு காத்திருக்கும் தண்டனை இல்லாமல் வேறு கல்லூரிக்கு மாறும் வழியும் திறந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, பல்கலைக்கழகமே தன் விளையாட்டு வீரர்களுக்கு முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம்.

விளைவைக் கேலப் லவ்வின் கதையில் பாருங்கள். ஷஷெஃப்ஸ்கியை வீட்டுக்கு அனுப்பியவர் அவர். 2023இல் கரோலினாவை விட்டு அரிசோனாவுக்குப் போனார். அந்த நவம்பரிலேயே அரிசோனா சட்டையில் கேமரனுக்கு வந்து டியூக்கை 78-73 என்று வென்றார். 2025 தேசியப் போட்டியில் மறுபடி டியூக்கோடு மோதி 35 புள்ளி எடுத்தார். ஆனால் டியூக் 100-93 என்று வென்றது. நான் அன்று அரிசோனாவுக்குக் கைதட்டினேன். சட்டையின் நிறம் மாறியிருந்தாலும் ஆள் எங்கள் ஆள் என்று ஒரு நினைப்பு.

இதெல்லாம் பகையை அழித்துவிடும் என்று ஆண்டுதோறும் யாராவது சொல்கிறார்கள். என் கணிப்பு வேறு. வீரர்கள் பகையைக் கொண்டுவருவதில்லை, வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர்கள் நாங்கள். மளிகைக் கடையிலும் கோயில் வாகன நிறுத்தத்திலும் கார்க் கண்ணாடியில் ஒட்டிய நீலத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் மாறவில்லையே.

இந்த வட்டாரத்தில் வேறு அணிகளே கிடையாதா?

ராலியிலிருந்து ஒரு சிவப்புக் குரல் கோபமாகக் கேட்கும். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம், சுருக்கமாக 'ஸ்டேட்'. 1974இல் டேவிட் தாம்ஸனை வைத்து, தொடர்ந்து ஏழு பட்டம் வென்றிருந்த யு.சி.எல்.ஏ.வை அரையிறுதியில் வீழ்த்திப் பட்டம் பெற்றது. 1983இல் ஜிம் வல்வானோவின் அணி, கடைசி நொடியில் லாரன்ஸோ சார்ல்ஸ் பந்தை வளையத்துக்குள் திணித்துப் போட்ட டங்க்கால் ஹூஸ்டனை 54-52 என்று வென்றது. பிறகு நீண்ட வறட்சி. 2024 மார்ச்சில் திடீர் மழை: கான்ஃபரன்ஸ் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து வெற்றி, இறுதியில் கரோலினா வீழ்ந்தது, பிறகு டியூக்கையும் 76-64 என்று தட்டிவிட்டு கடைசி நான்கில் நின்றது. எல்லாருக்கும் நடுவில் குறுக்கே வந்த மூன்றாம் பங்காளி.

நான்காவது வேக் ஃபாரஸ்ட். டிம் டங்கனும் கிறிஸ் பாலும் படித்த இடம். இந்த நான்கையும் சேர்த்துப் 'புகையிலைச் சாலை' என்பார்கள்.

ஏ.சி.சி. கான்ஃபரன்ஸ் இனி என்ன ஆகும்?

அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் 1953இல் ஏழு கல்லூரிகளோடு தொடங்கியது. 2024இல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபர்ட், பெர்க்லி, டெக்சாஸின் எஸ்.எம்.யு. ஆகியவை சேர்ந்து பதினெட்டு ஆயின. பெயரில் அட்லாண்டிக், காலை நனைப்பது பசிபிக். டியூக்கும் கரோலினாவும் ஆண்டுக்கு இரண்டு முறை மோதுவதை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மற்ற பழைய அயலவர்களோடு சில ஆண்டுகளில் ஒரே ஆட்டம்தான்.

2024-25 பருவம் மானத்தை வாங்கியது. தென் மாநிலங்களின் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸில் இருக்கும் பதினாறு அணிகளில் பதினான்கு தேசியப் போட்டிக்குப் போயின. பட்டமும் அதில் ஒன்றான ஃபுளோரிடாவுக்கு. ஏ.சி.சி.யிலிருந்து நான்கே அணிகள். 64 அணிகள் ஆடும் முதல் சுற்று முடிந்தபோது டியூக் மட்டுமே மிச்சம். தெற்கே அமெரிக்கக் கால்பந்துப் பணம் பெரிது, அந்தப் பணம் இப்போது கூடைப்பந்துக்கும் வீரர் வாங்குகிறது. கரோலினாவே 2024 டிசம்பரில் தொழில்முறை ஆட்டத்தில் புகழ்பெற்ற பில் பெலிசெக்கை அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளராக நியமித்தது. கூடைப்பந்து ஊரில் அப்படி ஒரு நியமனம் தலைப்புச் செய்தியானதே காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும்.

இன்னொரு பக்கம், பெரியவர்கள் போய்விட்டார்கள். கரோலினாவின் ராய் வில்லியம்ஸ் 2021இல், ஷஷெஃப்ஸ்கி 2022இல், சிரக்யூஸின் ஜிம் பேஹைம் 2023இல், வர்ஜீனியாவின் டோனி பென்னட் 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது. வர்ஜீனியா யாரைக் கொண்டுவந்தது தெரியுமா? ரயன் ஓடம். 2018இல் முதலிடத்தில் இருந்த வர்ஜீனியாவை, பதினாறாம் இடத்து யு.எம்.பி.சி. 74-54 என்று தோற்கடித்துச் சரித்திரம் படைத்ததே, அதன் பயிற்சியாளர். தலையில் கொட்டியவனையே மாப்பிள்ளையாக்கிய புத்திசாலித்தனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

என் எதிர்பார்ப்பு: டியூக் எங்கே இருந்தாலும் பிழைக்கும். ஜான் ஷையர் 2022இல் பொறுப்பேற்றது முதல் திறமையான இளைஞர்களைத் தடையில்லாமல் சேர்க்கிறார். லூயிவில்லும் எழுந்துவிட்டது. கரோலினா பணத்தையும் பழைய பெருமையையும் எப்படிச் சேர்த்துப் பிசைவது என்று தடுமாறுகிறது. நடுத்தட்டு அணிகள் தேறாதவரை கான்ஃபரன்ஸ் தேறாது. 2025-26 முதல் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை இருபதிலிருந்து பதினெட்டாகக் குறைத்து, வெளி அணிகளோடு மோதி மதிப்பெண் தேட வழி செய்திருக்கிறார்கள். மருந்து சரி, அளவு போதுமா என்பது வேறு.

தேசியப் போட்டிக்கு 68 அணிகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கான்ஃபரன்ஸ் போட்டி வென்றவர்களுக்கு நேரடி இடம். மீதியை ஒரு குழு தேர்ந்தெடுக்கும். எங்கே, யாரை வென்றாய் என்று ஆட்டங்களை நான்கு அடுக்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். 2025இல் கரோலினாவின் முதல் அடுக்குக் கணக்கு, அதாவது மிகக் கடினமான ஆட்டங்களில், 1 வெற்றி, 12 தோல்வி. ஆனாலும் கடைசி இடம் கிடைத்தது. குழுவின் தலைவர், அதே கரோலினாவின் விளையாட்டு இயக்குநர்! தன் கல்லூரி பற்றிய பேச்சு வரும்போது அவர் அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது விதி, அதைக் கடைப்பிடித்தார்கள். யார் நம்புவார்கள்? இடம் கிடைக்காத மேற்கு வர்ஜீனியாவின் ஆளுநர் செய்தியாளர்களைக் கூட்டி விசாரணை கேட்டார். கரோலினா தொடக்கச் சுற்றில் சான் டியேகோ ஸ்டேட்டை 95-68 என்று நொறுக்கிவிட்டு, அடுத்ததில் மிசிசிப்பியிடம் தோற்றது. என் நேர்மையான கருத்து: அந்த இடம் எங்களுக்குரியது அல்ல.

மற்ற ஊர்களில் இப்படிப் பகை இல்லையா?

உண்டு. கென்டக்கி பல பத்தாண்டுகள் லூயிவில்லோடு ஒழுங்காக ஆடவே மறுத்தது; 1983இல் தேசியப் போட்டி கட்டாயப்படுத்தி மோதவைத்த பிறகுதான் இரண்டும் ஆண்டுதோறும் ஆடத் தொடங்கின. கேன்சாஸ், மிசூரி பகைக்கு உள்நாட்டுப் போர்க்கால எல்லைச் சண்டையே வேர். மிசூரி வேறு கான்ஃபரன்ஸுக்குப் போனதும் 2012இல் நின்றுபோய் 2021இல்தான் மீண்டது. இண்டியானாவின் பாபி நைட் 1985இல் மைதானத்துக்குள் நாற்காலியை வீசி எறிந்தாரே, அதுவும் பர்டியூ என்ற பங்காளிக்கு எதிரான ஆட்டத்தில்தான்.

பெண்கள் அணிகள்?

கரோலினா பெண்கள் 1994இல் தேசியப் பட்டம் வென்றார்கள். 0.7 விநாடி இருக்கும்போது சார்லட் ஸ்மித் எறிந்த மூன்று புள்ளி வீச்சு. லூசியானா டெக்குக்கு எதிராக 60-59. இதை ஆண்கள் ஆட்டம் மட்டும் பார்ப்பவர்களிடம் சொன்னால் விழிப்பார்கள். டியூக் பெண்களுக்குப் பட்டம் இல்லை. ஆனால் 2025 தேசியப் போட்டியில் கரோலினாவை 47-38 என்று வெளியேற்றினார்கள். நாடளவில் சொன்னால், 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் ஆண்கள் இறுதியைப் பார்த்தவர்களைவிட அதிகம். காரணம் அயோவாவின் கேட்லின் கிளார்க்.

என்.பி.ஏ. பார்த்துப் பழகியவர் எதைக் கவனிக்க வேண்டும்?

இருபது நிமிடப் பாதி இரண்டு. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே, ஆறு அல்ல. மூன்று புள்ளிக் கோடு சற்று அருகில். பெண்கள் மட்டும் பத்து நிமிடக் கால்பகுதி நான்கு ஆடுகிறார்கள்.

இந்தியாவிலிருந்து பார்க்க எத்தனை மணிக்கு எழ வேண்டும்?

இரு அணிகளும் பெரும்பாலும் பிப்ரவரித் தொடக்கத்தில் ஒரு முறையும் மார்ச் முதல் வாரத்தில் ஒரு முறையும் மோதும். பல ஆண்டுகளில் சனிக்கிழமை மாலை ஆறரை. இந்திய நேரம் ஞாயிறு அதிகாலை ஐந்து மணி. இரவு ஒன்பது மணி ஆட்டம் என்றால் காலை ஏழரை. மார்ச் இரண்டாம் ஞாயிறு இங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு ஒரு மணி நேரம் முன்னதாக எழ வேண்டும். ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும். முதல் இடைவேளையில் டிகாக்ஷன் இறக்கிவிடலாம்.

ஒரே வீட்டில் இரண்டு நீலம் இருந்தால்?

பாதி கருநீலம், பாதி வெளிர்நீலம் சேர்ந்த கொடி கடைகளில் கிடைக்கிறது. அப்படிப்பட்ட வீடுகள் நிறைய என்று அர்த்தம். எங்கள் வீட்டிலும் ஒன்று வாசலில் தொங்குகிறது. மகளுக்கு டியூக்கில் இடம் கிடைத்தது. கட்டணம் கட்டுவது நான். கொடியில் எந்தப் பாதி வெளிப்பக்கம் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது அவள்.